ஏணி மடக்க விடாத செரிமரம்

கேக்கிற ஆக்கள் கேளுங்கோ, கேக்க நேரமில்லாத ஆக்கள் ரெண்டு செரியை வாயில போட்டு, கொட்டையைத் துப்பிக்கொண்டு அங்கால நடவுங்கோ, எனக்கு ஒரு கோவமும் இல்லை, ஏனெண்டால் இந்த உழவு மெசினுக்குப் பின்னால பெட்டியைக் கொழுவி, அதில உங்களைமாதிரிச் சனத்தை ஏத்திக்கொண்டு, இந்தக் கதையை நான் எத்தினையோதரம் சொல்லியாச்சு, சொல்லிச் சொல்லி எனக்கே தாடை உளையுது.

மெல்பேணில இருந்து காரில வெளிக்கிட்டால், பின்சீற்றுப் பிள்ளையள் ரெண்டுதரம் சண்டை பிடிச்சு, ஒருதரம் சத்தியெடுத்து, "இன்னும் எவ்வளவு தூரம்" எண்டு கேக்கிறதையும் விட்டிட்டு நித்திரையாகேக்க வாற தோட்டம் இது. தோட்டக்காரன் பேர் கிளைவ். வாசலில பெரிய பலகை போட்டிருக்கிறார், நீங்களே மரத்தில பழம் ஆய்ஞ்சு கொண்டு போங்கோ எண்டு. முதல்முதல் அதைப் பாத்தபோது நான் சிரிச்ச சிரிப்பு கொஞ்சநஞ்சமில்லை, ஊரில வேலி பாய்ஞ்சு களவாச் செய்து அடிவாங்கின வேலையை இஞ்ச பலகை போட்டுக் கூப்பிட்டுச் செய்விக்கிறாங்களே எண்டு.

சனமும் வரும், வந்துகொண்டே இருக்கும். கலியாணச் சேலையோட ஏணியில ஏறி நிண்டு, இஞ்சேரப்பா முகம் தெரியிறமாதிரி எடுங்கோ எண்டு கத்துற அன்ரி, அவ கத்தக் கத்தப் படமெடுக்கிறதை விட்டிட்டு வாய்க்குள்ள செரியை அடையிற அங்கிள், வாளிக்குள்ள ஒண்டு போட்டால் வயித்துக்குள்ள ஒம்பது போடுற பிள்ளையள், கைப்பைக்குள்ள இருந்து உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த சின்னப் போத்திலை எடுத்து, பழுக்காத செரியை அதில தோய்ச்சு, ஒரு கண்ணைச் சுருக்கித் தின்னுற மாமிமார். எல்லாரையும் அவையின்ர குரலிலயே நான் செய்து காட்டுவன். தேத்தண்ணி நேரம் வந்தால் எங்கட ஆக்கள் சுத்தி இருந்து, என்னைக் காட்டி, றேடியோவைப் போடு எண்டுவினம். என்ர பேர் யோகலிங்கம், ஆனால் அந்தப் பேர் விசாவில மட்டும்தான் கிடக்கு. படிப்பு ஏழாம் வகுப்பு, அதுவும் வாத்தியார் மாதிரிக் கதைச்சுக் காட்டினதில முடிஞ்சுபோச்சு. கிளைவையும் செய்து காட்டுவன். அந்த மனிசன் ஒரு சொல்லுச் சொல்ல முதல் மூக்கால ரெண்டு மூச்சு விடுவார், அந்த மூச்சைக் கேட்டே அண்டைய நாள் எப்பிடிப் போகும் எண்டு எங்களுக்குத் தெரியும்.

வாற ஆக்களுக்கு அது விளையாட்டு. எங்களுக்கு உது வேலை. செரி ஆயிறது கையால செய்யிற வேலை எண்டு நினையாதேங்கோ, அது கழுத்தால செய்யிற வேலை. விடியத் தொடங்கி அண்ணாந்து நிண்டவனுக்குப் பின்னேரம் குனிஞ்சு சப்பாத்துக் கட்டு அவிழ்க்க ஏலாது, கழுத்து விடாது, வாங்கில வரிசையா இருந்து ஆளின்ர சப்பாத்தை ஆள் மாறி அவிழ்த்து விடுவம். காம்போட ஆயவேணும், ஆனால் காம்பு நிக்கிற கண்ணை உடைக்கக் கூடாது, கண் உடைஞ்சால் வாற வருசம் அந்த இடத்தில பூ இல்லை. எங்களுக்கு வாற வருசம் இருக்கோ இல்லையோ தெரியாது, மரத்தின்ர வாற வருசத்தை நாங்கள் காப்பாத்திக் குடுப்பம்.

உந்த வேலையில எங்கள் எல்லாருக்கும் மூத்தவ மங்களக்கா. முல்லைத்தீவுப் பக்கம். நாங்கள் வந்த அதே மாதிரிப் படகில, அதே மாதிரிச் சத்தியெடுத்துக்கொண்டு வந்தவ. ஒரே மகள் கௌசியை வவுனியாவில தங்கச்சியிட்ட விட்டிட்டு, கெதியாக் கூப்பிடுறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தவ, கூப்பிடக் கிடைக்கேல்ல. எங்களுக்குத் தந்த விசா கயித்தில கட்டின ஆடு மாதிரி. வளவுக்குள்ள மேயலாம், கயித்தை அறுத்துக்கொண்டு ஊருக்குப் போனால் போனதுதான், பேந்து படலை திறக்காது. அப்பிடியே வருசங்கள் போய், பின்னல் கட்டித் திரிஞ்ச பெட்டை கலியாணமும் கட்டி, ஒரு நாள் போனில, அம்மா எனக்குத் தலைச்சன் எண்டு சொன்னாள். மங்களக்கா அந்தக் கிழமையே முடிவெடுத்திட்டா. தலைப்பிள்ளைப் பேறு தாய் பாக்கவேணும், நான் போகப்போறன், திரும்பி விடாட்டி விடாமல் போகட்டும், எனக்கும் ஏலாது, முழங்கால் ரெண்டும் என்னோட கதைக்கிறதை விட்டிட்டுது எண்டா. இந்தச் செரிக்காலம் முடியமட்டும் நிண்டு ஆய்ஞ்சு குடுத்திட்டுப் போறன் எண்டு கிளைவிட்டச் சொன்னா. கிளைவ் ரெண்டு மூச்சு விட்டிட்டு, விமான நிலையத்துக்கு நான் ஏத்திக்கொண்டு போறன் எண்டார்.

அந்தச் செரிக்காலம் முழுக்க அவவோட மாரடிச்சது எங்களுக்குத்தான் தெரியும். கர்ப்பிணி இருக்கிற வீட்டாக்கள் ஒரு வேலையையும் அரைகுறையா விடக் கூடாதாம், வெட்டத் தொடங்கின கிணறு, முடையத் தொடங்கின பாய், உரிக்கத் தொடங்கின வெங்காயம், எதையும். விட்டால் பிள்ளைப்பேறு இழுபட்டுப் போகுமாம். ஆரும் ஒரு வெங்காயம் உரிச்சால் சாக்கு முடியமட்டும் உரிக்கவேணும், ஒரு சட்டை தோய்ச்சால் அறையில கிடக்கிற அவ்வளவும் தோய்க்கவேணும். எல்லாத்திலும் பெரிய சட்டம், மரத்தில ஒரு பழம் கிடக்க ஏணியை மடக்கக் கூடாது எண்டது. நான் அவவின்ர குரலிலயே, "தம்பி, அந்தா உச்சியில ஒண்டு கிடக்குது, என்ர பிள்ளையை நினை" எண்டு சொல்லுவன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பினம், அவவும் சிரிச்சுப்போட்டு, உச்சியைக் காட்டி ஏத்தியும் விடுவா.

தைப்பொங்கல் முடிஞ்ச கையோட செரியும் முடிஞ்சுது. கடைசி நிரையில, குளத்தடியில, கடைசி மரம் அவவின்ர. கடைசிப் பழத்தை ஆய்ஞ்சு வாளிக்குள்ள வச்சா. ஏணியை மடக்கினா. ஒரு கையை இடுப்பில ஊண்டி மற்றக் கையை மரத்தில வச்சு, "அப்ப நான் போட்டு வாறன்" எண்டா. நான் பக்கத்தில நிண்டனான், எனக்கு அது ஒரு விசயமாவே படேல்ல. உடுப்புத் தோய்க்கிற மெசினிட்டயும் அவ அப்பிடித்தான் சொல்லிப்போட்டு வெளிக்கிடுவா. வெளிக்கிடேக்க நாங்கள் எல்லாரும் சொல்லுறதுதானே.

அடுத்தநாள் காலமை கிளைவ் வாகனத்தில பெட்டியை ஏத்தி, மங்களக்காவை முன்னுக்கு இருத்தி, நான் வழியனுப்பப் பின்னுக்கு ஏறி, குளத்தடியால வரேக்க, அந்த மரம் அடி தொடக்கம் உச்சி மட்டும் நிறையப் பழத்தோட நிண்டுது. மற்ற மரமெல்லாம் வெறும் இலை. இது மட்டும் கறுத்தச் சிவப்பில, பனி சொட்டச் சொட்ட, நேத்து ஒண்டுமே நடக்காதமாதிரி நிண்டுது. மங்களக்கா வாகனத்தை நிப்பாட்டச் சொன்னா. இறங்கிப் பாத்தா. கிளைவும் இறங்கித் தொப்பியைக் கழட்டி, பேந்து போட்டு, ரெண்டு மூச்சு விட்டார்.

"வாளி கொண்டு வாறன்" எண்டார்.

அண்டைக்குப் பிளேன் அவவை விட்டிட்டுப் போச்சுது. நாங்கள் ஆய்ஞ்சம். விடிஞ்சுது, மரம் நிறைஞ்சுது. திரும்ப ஆய்ஞ்சம். விடிஞ்சுது, நிறைஞ்சுது. மழையில ஆய்ஞ்சம், வெயிலில ஆய்ஞ்சம், பழம் வெடிக்கவுமில்லை, காயவுமில்லை, விடிஞ்சுது, நிறைஞ்சுது. மங்களக்கா மடக்கின ஏணியைத் திரும்ப விரிச்சு, வாய்க்குள்ள கௌசியின்ர பேரைச் சொல்லிக்கொண்டு ஏறுவா, இருட்டுப்பட இறங்குவா. கண்ணை உடைச்சுவிட்டால் மரம் நிண்டிடும் எண்டு ஒருத்தன் சொன்னான். அவ அவனை அந்தப் பக்கமே வரவிடேல்ல.

மரத்தில என்ன நடந்தது எண்டதைவிடச் சனத்தில நடந்ததுதான் கதை. ஒரு அதிசயம் நடந்தால் சனம் முதல் கிழமை வாயைப் பிளக்கும், ரெண்டாம் கிழமை அதுக்குள்ள பழத்தைப் போடும், மூண்டாம் கிழமை ரொய்லற் எங்க எண்டு கேக்கும். முதலில வந்தவர் ஒரு பல்கலைக்கழக ஆள். மரத்தைச் சுத்தி நடந்து, மண்ணைக் கிள்ளி மணந்து பாத்து, இலையைப் பையில போட்டு, காலநிலை மாறிப்போச்சுது எண்டு சொல்லி, ஒரு வாளி நிரப்பிக்கொண்டு போனார். கிழமைக்கொருக்கா வந்து காலநிலையை நிரப்பிக்கொண்டு போனார். பட்டினத்துப் பேக்கரிக்காரி செரியை மாவுக்குள்ள வச்சுச் செரிப் பை எண்டு சுட்டாள், சுட்டுக்கொண்டே இருந்தாள், முதலில வரிசையில நிண்ட சனம் பேந்து அவளைக் கண்டால் றோட்டைக் கடந்து மற்றப் பக்கத்தால போச்சுது. தேவாலயத்தில இதைப் பற்றிப் பிரசங்கம் நடந்தது, பிரசங்கம் முடியத் தேத்தண்ணியோட செரிப் பை வந்தது, போதகரும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். தீயணைப்புத் தொண்டர்கள் மரத்தடியில சொசேஜ் சுட்டு வித்தினம். இலையுதிர் காலம் வந்து மற்ற மரமெல்லாம் மஞ்சளாகிச் சிவப்பாகத் தொடங்க, சனம் ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு செரி ஆய வந்தது. போன கிழமை இதைவிட இனிப்பு எண்டு முறைப்பாடு சொன்னது.

எங்கட சனம் சும்மா இருக்குமே. பிள்ளையில்லாத ஒரு சோடி வந்து, துணியில சின்னத் தொட்டில் கட்டி மரத்தில தொங்கவிட்டு நேந்துகொண்டு போச்சுது. அடுத்த சனிக்கிழமை மரம் முழுக்கத் தொட்டில். கிளைவ் அதெல்லாம் ஆக்கள் மறந்துபோய் விட்ட, மூக்குத் துடைக்கிற கைலேஞ்சி எண்டு நினைச்சு, ஒண்டொண்டா அவிழ்த்து, தோய்ச்சு, மடிச்சு, தொலைஞ்ச சாமான் போடுற பெட்டிக்குள்ள வச்சு, ஆரும் தேடி வந்தால் குடு எண்டு என்னட்டச் சொன்னார். ஆர் வருவினம்?

அதுக்குப் பிறகு எங்கட தமிழ்ச் சங்கத் தலைவர் பரஞ்சோதியர் வெளிக்கிட்டார். அந்த மனிசன் ஒலிவாங்கி இல்லாட்டிலும் ஒலிவாங்கி பிடிச்ச மாதிரிக் கையை வச்சுக்கொண்டுதான் கதைப்பார். எங்கட சகோதரி ஒருத்தி தனிச்சு நிண்டு ஆயிறா, ஒரு நாள் எல்லாருமாச் சேந்து சிரமதானம் செய்து மரத்தை ஒரேயடியா முடிச்சுக் குடுப்பம் எண்டு அறிவிச்சார். பஸ் பிடிச்சு வந்தினம். புளிச்சாதமும் கட்லற்றும் வந்தது. கிரிக்கெற் மட்டையும் வந்தது. குஞ்சு குருமானில இருந்து ஊண்டுகோல் பிடிச்ச ஆக்கள் மட்டும் மரத்தைச் சுத்தி நிண்டு, விழுற பழத்துக்கு வேட்டி பிடிச்சு, ஒரு பழம் மிச்சமில்லாமல் ஆய்ஞ்சு, மங்களக்காவுக்குப் பொன்னாடையும் போத்தி, படமும் எடுத்து, பரஞ்சோதியர் நன்றியுரை சொல்லிக்கொண்டிருக்கேக்கயே நான் அவருக்குப் பின்னால நிண்டு அவரை மாதிரிக் கையை வச்சுக்கொண்டு வாயசைச்சு, எல்லாரும் சிரிச்சு, சந்தோசமாத்தான் போச்சுது. விடிஞ்சுது. நிறைஞ்சுது. பஸ்ஸில போன சனம் வீட்டில கிடக்கிற செரியை என்ன செய்யிறது எண்டு தெரியாமல் செரி அச்சாறு, செரி ரசம், செரிப் புளிக்குழம்பு எண்டு வச்சு, மூண்டாம் நாள் பக்கத்துவீட்டு வெள்ளைக்காரருக்குக் கட்டிக் குடுத்ததாக் கேள்வி.

எல்லாருக்கும் அது பழகிப்போச்சுது, மங்களக்காவுக்கு மட்டும் பழகேல்ல. ரிக்கற் போடுற தம்பி ஒவ்வொருக்காலும் திகதி மாத்தேக்க, அக்கா இதுதான் கடைசி எண்டு சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துப்போச்சுது. கௌசிக்கு ஆறாம் மாசம் போய், ஏழும் போய், எட்டுப் பிறந்துது. அவள் எடுக்கேக்க மங்களக்கா ஏணியில நிப்பா, போனைக் கழுத்தில இடுக்கிக்கொண்டு கதைப்பா.

"அம்மா, வாறியளோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ."

"இன்னும் கொஞ்சப் பழம் கிடக்குது பிள்ளை. விட்டிட்டு வந்தால் உனக்குத்தான் கூடாது."

"எத்தினை மாசமா இதைத்தான் சொல்லுறியள். இஞ்ச எனக்குக் கால் வீங்குது."

மங்களக்கா அடுத்த கொப்பை எட்டிப் பிடிச்சு வளைச்சா. ஏணிக்குக் கீழ நான். என்ர வாயில அண்டைக்கு ஒருத்தற்ற குரலும் வரேல்ல.

அண்டைக்கு மத்தியானம் கிளைவ் உழவு மெசினடிக்கு வந்தார். இவ்வளவு காலத்தில அந்த மனிசன் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. தைமாசம் அவ மரத்தில கையை வச்சு ஏதோ சொன்னதைத் தான் தூரத்தில நிண்டு கண்டது எண்டு சொல்லி, என்ன சொன்னவ எண்டு கேட்டார். போட்டு வாறன் எண்டவ, போயிட்டுத் திரும்பி வருவன் எண்டு கருத்து எண்டு நான் என்ர இங்கிலீசில விளங்கப்படுத்தினன். அவர் மூச்சு விட்டார்.

"வருவாவோ?"

"இல்லை. வர விடமாட்டாங்கள்."

"அப்ப ஏன் சொன்னவ?"

"நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவம். போறன் எண்டு சொல்லக் கூடாது."

கிளைவ் தொப்பியைக் கழட்டி உள்ளுக்குப் பாத்தார், பதில் அதுக்குள்ள கிடக்கிறமாதிரி.

"மரத்துக்கு அது தெரியாதே" எண்டார்.

ஒரு மரம், சொன்ன சொல்லை நம்பி, வாற ஆளுக்கு வெறுங்கொப்பைக் காட்டக் கூடாது எண்டு ஒவ்வொரு விடியலும் பழத்தோட நிண்டு பாத்துக்கொண்டிருந்திருக்குது. வெள்ளைக்காரனுக்கு ஒரு மூச்சில விளங்கினது, எங்கட பஸ் நிறைஞ்ச சனத்துக்கு விளங்கேல்ல, ஏனெண்டால் நாங்கள் அந்தச் சொல்லை மூச்சு மாதிரி விடுறம், ஆரும் தன்ர மூச்சைக் கேக்கிறதில்லை.

மங்களக்காவிட்ட ஓடிப்போய்ச் சொன்னன். போறன் எண்டு ஒருக்காச் சொல்லிப்போடுங்கோ அக்கா, காரியம் முடிஞ்சுது எண்டன். அவவின்ர முகம் கறுத்துப்போச்சுது. என்ர வீட்டில அந்தச் சொல்லு ஒருக்காத்தான் கேட்டது எண்டா. கௌசிக்குப் பல்லு முளைக்கிற காலம், ஒரு சின்னச் சண்டை, சாப்பாட்டில உப்பில்லை எண்டதில வந்த சண்டை, அவளின்ர தகப்பன் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனவர், கடைக்குத்தான் போனவர், அண்டைக்கு ஷெல் விழுந்தது. பிள்ளை வயித்தில பிள்ளையோட நிக்கிறாள், அந்தச் சொல்லை நான் வாயில எடுக்கமாட்டன், நீ போய் உன்ர வேலையைப் பார் எண்டா.

என்ர வேலை என்ன, குரல் மாத்திறதுதானே. அடுத்தநாள் அவ சாப்பிடப் போன நேரம் நான் மரத்தடிக்குப் போனன். இடுப்பில ஒரு கை, மரத்தில ஒரு கை. அவவின்ர குரல் எனக்கு என்ர குரலைவிட வடிவா வரும், அவவின்ர குரலில கிளைவைக் கூப்பிட்டு அந்த மனிசன் ஓடிவந்த நாளும் இருக்குது. தொண்டையைச் செருமி, முழங்கால் நோகிறமாதிரி ஒரு பெருமூச்சும் விட்டு, போறன் எண்டன். மரம் அசையேல்ல. திரும்பச் சொன்னன், கொஞ்சம் அழுகிறமாதிரி. உச்சியில இருந்து ஒரே ஒரு பழம் கழண்டு வந்து என்ர மூக்கில விழுந்துது. சரி, விளங்கிப்போச்சு எண்டிட்டு வந்திட்டன். வாழ்க்கையில என்ர நடிப்பைக் கண்டுபிடிச்ச ஒரே ஆள் அந்த மரம்தான்.

பேந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நான் பெட்டி நிறையச் சனத்தை ஏத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனன். குளிர், முகிலும் இறங்கி நிண்டுது. சுத்தியிருந்த மரமெல்லாம் இலையைக் கொட்டிப்போட்டுப் படுக்கப் போற பிள்ளையள் மாதிரி நிக்குதுகள். இந்த மரத்துக்குக் கிளைவ் பாரம் தாங்கக் கொப்புக்குக் கொப்பு தடி முட்டுக் குடுத்திருந்தார். பட்டையில இருந்து பிசின் வடிஞ்சு காய்ஞ்சிருந்தது. மங்களக்கா ஏணியில ஏறேல்ல. மரத்தடியில இருந்து முழங்காலுக்கு நோவெண்ணெய் தேய்ச்சுக்கொண்டிருந்தவ, தேய்ச்சுத் தேய்ச்சு ஒருக்கா நிமிந்து பாத்தா. நான் மெசினை நிப்பாட்டினன். அவ எழும்பி, கையில மிச்சம் கிடந்த எண்ணெயைப் பிசின் வடிஞ்ச இடத்தில, பிள்ளைக்குத் தடவுறமாதிரித் தடவினா.

"உனக்கும் ஏலாமத்தான் கிடக்குது, என்ன" எண்டா.

பெட்டியில இருந்த சனம் எட்டிப் பாத்தது. ஒரு பிள்ளை கொட்டையைத் துப்பினது.

"என்னைப் பாத்துப் பாத்து நீயும் படுக்காமல் நிக்கிறாய். நான் ஒரு விசரி, வராத ஆள் வாறன் எண்டு சொல்லிப்போட்டன். நான் வரமாட்டன், கேட்டியோ. வர விடமாட்டினம். நீ படு." வயித்தில கையை வச்சா, மகளின்ர வயித்தில வைக்கிறமாதிரி. "நான் போறன்."

முதல் ஒண்டு விழுந்துது. பிறகு பக்கத்தில ஒண்டு. பிறகு காத்துமில்லாமல் குருவியுமில்லாமல் கொப்பு கொப்பா, கொப்புகள் முட்டுத்தடியை விட்டு மேல எழும்ப எழும்ப, அவ்வளவு பழமும் கொட்டுப்பட்டுது, புல்லில கொட்டுப்பட்டுது, விரிச்ச ஏணியின்ர படியில தெறிச்சுது, மங்களக்காவின்ர தலையில, தோளில, எண்ணெய்க் கையில, பெய்யிறமாதிரிப் பெய்ஞ்சுது, பழம் முடிய இலை மஞ்சளாகி, சிவப்பாகி, அதுவும் இறங்கினது, நாங்கள் பாத்துக்கொண்டிருக்க மரம் வெறும் தடியாகி, நாள் முழுக்க வேலை செய்துபோட்டு வந்து பாயில விழுற ஆளைமாதிரி ஒருக்காச் சரிஞ்சு நிண்டுது.

மங்களக்கா கண்ணைத் துடைச்சா. எங்களைத் திரும்பிப் பாத்தா.

"நிலத்தில கிடக்கிறதும் பழம்தான், வந்து பொறுக்குங்கோ" எண்டா.

எல்லாரும் இறங்கினம். சேலையோட வந்த அன்ரி, வாய்க்குள்ள செரி அடைஞ்ச அங்கிள், பிள்ளையள், பேக்கரிக்காரியும் அண்டைக்கு வந்திருந்தாள், கிளைவ், நான். இவ்வளவு காலம் அண்ணாந்து ஆய்ஞ்ச செரியை அண்டைக்குக் குனிஞ்சு பொறுக்கினம், கழுத்துக்கு ஒரு சுகம், கடைசிப் பழத்தை அவவே புல்லுக்குள்ள தேடி எடுத்து வாளிக்குள்ள வச்சா. ஏணியை மடக்கினா. விடியப் போய்ப் பாத்தம். மரம் நித்திரை.

அந்தக் கிழமையே ரிக்கற் சரிவந்துது. விமான நிலையத்தில கிளைவ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வர, நான் அவவோட நடந்தன். வழிமுழுக்க நான் வாய் மூடேல்ல, பரஞ்சோதியரா ஒருக்கா, ரிக்கற் தம்பியா ஒருக்கா, பல்கலைக்கழக ஆளா ஒருக்கா, அவ சிரிச்சுச் சிரிச்சு, உந்த றேடியோவை நிப்பாட்டடா எண்டு முதுகில அடிச்சா. அங்கால போற வாசல் வந்துது. அதுக்குள்ள போனால் போனதுதான். அவ திரும்பினா. நான் மனசுக்குள்ள கும்பிட்டன், அக்கா, மரத்துக்குச் சொன்னதை எனக்கும் சொல்லுங்கோ, உள்ளதைச் சொல்லிப்போட்டுப் போங்கோ எண்டு. அவ என்ர கன்னத்தில கையை வச்சா. நோவெண்ணெய் மணந்துது.

"போட்டு வாறன் தம்பி" எண்டா.

கிளைவ் என்னைத் திரும்பிப் பாத்தார். ரெண்டு மூச்சு விட்டார். மரத்துக்கு முட்டுக் குடுக்க முதல் அந்த மரத்தை ஒரு பார்வை பாத்தவர், அதே பார்வை.

பிள்ளை பிறந்தது, பெட்டை, சுகப்பிரசவம், மங்களக்காவின்ர கையிலதான் விழுந்ததாம். இந்த வருசம் அந்த மரம் பூக்கேல்ல, கிளைவ் வெட்டவும் இல்லை, படுக்கட்டும் எண்டார். எங்கட ஆக்கள் எல்லாரும் கொடிமுந்திரிகை ஆய மில்டூராப் பக்கம் போட்டினம், அங்க வேலை லேசாம், அண்ணாந்து நிக்கத் தேவையில்லையாம், நீயும் வா எண்டு கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கினம். நான் இன்னும் வெளிக்கிடேல்ல. இண்டைக்குப் போவம் எண்டுதான் எழும்புறன், விடிஞ்சால் பெட்டியைக் கொழுவிக்கொண்டு இஞ்சயே நிக்கிறன்.

சரி, உங்கட நிரை வந்திட்டுது, இறங்குங்கோ. வாளியை எடுங்கோ, காம்போட ஆயுங்கோ, கண்ணை உடைச்சுப்போடாதேங்கோ. ஆய்ஞ்சு முடிஞ்சால் வாசல் அந்தப் பக்கம். போகேக்க மட்டும் என்னட்ட ஒண்டும் சொல்லாதேங்கோ.